நீரூற்று எழும்பவில்லை, உறுமுகிறது, ட்ரிப் ஆகிறது: தோட்டத் தொட்டிக்குச் சரியான மோட்டாரைக் கண்டுபிடிப்பது

புது மோட்டார் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன்னால் ஒரு பத்து லிட்டர் வாளியையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போங்கள். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலும், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணி என்று சொந்தக்காரர் வீடுகளிலும் இதுவரை ஒன்பது தொட்டிகளுக்கு மோட்டார் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். மோட்டார் உண்மையிலேயே பழுதாகியிருந்தது இரண்டே வீட்டில். மற்ற ஏழிலும் மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அந்தத் தொட்டிக்கும் அந்த உயரத்துக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். அது தெரியாமல் அதே அளவில் இன்னொன்றை வாங்கி மாட்டினால் அதே குறை திரும்ப வரும்.

பெட்டியில் இரண்டு எண் போட்டிருப்பார்கள். ஒன்று ஹெட், அதாவது எத்தனை மீட்டர் உயரம் ஏற்றும் என்பது. இன்னொன்று மணிக்கு எத்தனை லிட்டர். பங்குனி பிறந்ததும் நம் ஊர் எலக்ட்ரிக்கல் கடைகளில் எல்லாம் வந்து தொங்கும் 18 வாட் கூலர் மோட்டாரை எடுத்துப் பாருங்கள், 1.85 மீட்டர், 1100 லிட்டர் என்று இருக்கும். படிக்கிற எல்லோரும் 1.85 மீட்டர் உயரத்துக்கு மணிக்கு 1100 லிட்டர் வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வராது. 1100 லிட்டர் என்பது ட்யூபும் இல்லாமல் உயரமும் ஏறாமல் சும்மா தள்ளும்போது கிடைக்கிற அளவு. 1.85 மீட்டர் என்பது தண்ணீர் அதுவரை ஏறி அங்கேயே அசையாமல் நின்றுவிடுகிற உயரம், அந்த இடத்தில் ஒரு சொட்டுகூட வெளியே வராது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. பாதி உயரத்தில் ஏறக்குறைய பாதித் தண்ணீர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுத் தொட்டிக்கு இந்தக் கணக்கு போதும்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்துதான் அளக்க வேண்டும், மோட்டார் உட்கார்ந்திருக்கும் அடித்தளத்திலிருந்து இல்லை. இரண்டடி ஆழத்தில் மோட்டார் கிடந்தாலும் அந்த இரண்டடியைச் சுற்றியிருக்கும் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். அதனால் தொட்டி ஆழமாக இருக்கிறது என்று பெரிய மோட்டார் வாங்க வேண்டியதில்லை.

சரி, வாளி எதற்கு? நாசிலை, அதாவது தண்ணீர் பீய்ச்சுகிற ஓட்டை வைத்த மூடியைக் கழற்றிவிட்டு, ட்யூப் முனையை நீரூற்று வரவேண்டிய மட்டத்துக்குப் பிடித்து, வாளியில் விட்டு, பத்து லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 36,000 ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 40 விநாடி என்றால் 900 லிட்டர், 72 விநாடி என்றால் 500. பெயின்ட் வாளியாக இருந்தால் விளிம்பு வரை போகாதீர்கள், ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கீழே பல இடத்தில் இந்த எண் தேவைப்படும், எழுதி வையுங்கள்.

தண்ணீர் வருகிறது, ஆனால் பீய்ச்சாமல் குமிழி மாதிரி மேலே வந்து உட்கார்ந்துவிடுகிறது

அதிகம் கேட்கப்படுவது இதுதான், காரணமும் பெரும்பாலும் மோட்டாரில் இருக்காது. முதலில் நாசிலைப் பாருங்கள். ஒரே ஓட்டை 10 மி.மீ. அகலம் என்றால், அதிலிருந்து தண்ணீர் நாலடி எழும்ப மணிக்கு ஏறக்குறைய 1400 லிட்டர் வேண்டும். அதே நாலடிக்கு 6 மி.மீ. ஓட்டையில் 500 லிட்டர் போதும். அந்த 18 வாட் மோட்டாரை 10 மி.மீ. ஓட்டையில் மாட்டினால் ஒன்றரை அடி வரும், 6 மி.மீ. ஓட்டையில் அதே மோட்டார் மூன்றடிக்குக் கிட்டத்தில் போகும். மோட்டாரை மாற்றாமலேயே உயரம் இரண்டு மடங்கு.

பூ மாதிரி விரிகிற, நிறைய ஓட்டை வைத்த நாசிலில்தான் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். ஓட்டை சின்னதாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். 3 மி.மீ. ஓட்டை பதினொன்று சேர்ந்தால் 10 மி.மீ. ஓட்டை ஒன்றுக்குச் சமம். ராணிப்பேட்டையில் சித்தப்பா வீட்டில் மூன்று வளையமாக இருபத்துநாலு ஓட்டை வைத்த நாசிலை இந்த 18 வாட் மோட்டாரில் மாட்டியிருந்தார்கள், யானைப் பசிக்குச் சோளப்பொரி. வெளி வளையம் இரண்டையும் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு உள் வளையத்து ஆறு ஓட்டையை மட்டும் திறந்து விட்டேன், மூன்றடி எழும்பியது. சித்தி அன்று சாயங்காலம் நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பால் பொங்குகிற மாதிரி வெள்ளையாக நுரைத்து எழும் நாசில் இருக்கிறதே, அது பக்கத்துக் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துத் தள்ளுவது. அதற்குச் சின்ன மோட்டார் ஒத்தே வராது. தொட்டியின் தண்ணீர் மட்டம் ஓர் அங்குலம் ஏறி இறங்கினாலே அதன் ஆட்டம் மாறிவிடும், நம் ஊர் வெயிலில் மட்டம் தினமும் இறங்கத்தான் செய்யும். ஆசைப்பட்டால் போடுங்கள், தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால்.

அடுத்து ட்யூப். இதை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. மணிக்கு 1000 லிட்டர் தண்ணீர் 12 மி.மீ. ட்யூபில் போகும்போது ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அரை மீட்டருக்கு மேல் ஹெட்டை அந்த ட்யூபே தின்றுவிடும். அதே தண்ணீர் 20 மி.மீ. ட்யூபில் போனால் மீட்டருக்கு ஐந்தாறு செ.மீ. மட்டும்தான் போகும், பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். மோட்டார் வாய் சின்னதாக இருந்தாலும் அங்கேயே ரெட்யூசர் (இரண்டு அளவு ட்யூபை இணைக்கும் துண்டு) போட்டு உடனே பெரிய ட்யூபுக்கு மாறிவிடுங்கள், நாசிலுக்குக் கீழே வந்து திரும்பச் சின்னதாக்கினால் போதும். மடங்கிப்போன ட்யூப், வரிசையாக மூன்று எல்போ, பாதி மூடிக் கிடக்கிற வால்வு, எல்லாமே இதே வேலையைத்தான் செய்கின்றன.

நாசிலும் ட்யூபும் சரிசெய்த பிறகும் உயரம் போதவில்லை, வாளிக் கணக்கும் பெட்டி எண்ணில் பாதிக்குக் கிட்டத்தில் சரியாக வருகிறது என்றால் மட்டும் பெரிய மோட்டாருக்குப் போங்கள். அப்போதும் எண்ணைத் தலைகீழாகப் பாருங்கள்: உங்களுக்கு வேண்டிய உயரத்தைப் போல் இரண்டு மடங்கு ஹெட், வேண்டிய லிட்டரைப் போல் இரண்டு மடங்கு லிட்டர். நாலடி, அதாவது 1.2 மீட்டர் எழும்ப வேண்டும், 6 மி.மீ. ஓட்டை இரண்டு என்றால் உங்கள் தேவை 1000 லிட்டர். பெட்டியில் 2.5 மீட்டருக்கும் 2000 லிட்டருக்கும் குறையாமல் இருக்க வேண்டும். காட்பாடி மாமாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த 40 வாட் மோட்டாரில் 3 மீட்டர், 2000 லிட்டர் என்று போட்டிருந்தது, மூன்று வருடமாக ஓடுகிறது.

வாங்கிய புதிதில் நன்றாக வந்தது, இப்போது பாதிதான் வருகிறது

வாளிச் சோதனையை வாங்கிய அன்றே செய்து எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருந்தால் இங்கே வேலை சுலபம். எண் குறைந்திருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: அழுக்கு அல்லது உப்பு.

அழுக்கு என்றால் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச். "மாமா, ஸ்பாஞ்சை எப்போ கழுவினீங்க?" என்று கேட்டால் "அதுல ஸ்பாஞ்ச் வேற இருக்கா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். வெயில் காலத்தில் வாரம் ஒரு முறை கழுவ வேண்டும், வேப்பமரமோ புங்கமரமோ பக்கத்தில் இருந்தால் பூ உதிரும் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒரு முறை. மீன் இருந்தால் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவாதீர்கள், தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு அதில் பிழியுங்கள், மீன் கழிவைச் சிதைக்கிற நல்ல கிருமிகள் அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன. மோட்டாரைத் தரையில் வைக்காமல் ஒரு செங்கல் மேல் வைத்தால் அடியில் படியும் சேறு பாதி உள்ளே போகாது.

உப்பு நம் ஊர்ப் பிரச்சினை. போர் தண்ணீரில் நிரப்புகிற வீடுகளில், குளியலறைக் குழாயில் வெள்ளையாக ஏடு கட்டுகிறதே, அதேதான் மோட்டாருக்குள் சுழலும் காந்தத்திலும் அதன் கூண்டிலும் படியும். காந்தத்துக்கும் கூண்டுக்கும் இடையில் இடைவெளி மிகக் குறைவு, மெல்லிய ஏடு படிந்தாலே உரசத் தொடங்கிவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன் மூடியைத் திருப்பிக் கழற்றினால் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரோடு காந்தம் கையோடு வந்துவிடும், அதற்கு ஸ்க்ரூ டிரைவரே தேவைப்படாது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு கரைத்து, இம்பெல்லரையும் மூடியையும் அதில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். வினிகரும் ஆகும். நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம், நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டு செராமிக், சட்டென்று உடைந்துவிடும்.

மாதம் ஒரு முறை இதைச் செய்கிற வீட்டில் மோட்டார் வருடக்கணக்கில் ஓடுகிறது. செய்யாத வீட்டில் ஒரே கோடையில் போய்விடுவதையும் பார்த்திருக்கிறேன். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க வசதி இருந்தால் தொட்டிக்கு அதை ஊற்றுங்கள், அதில் உப்பே கிடையாது.

உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். உறுமிக்கொண்டே விட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுற்று சூடாகி எரியும்.

காற்று அடைத்திருக்கலாம். தொட்டியைக் கழுவி நிரப்பிய பிறகு முதல் முறை போடும்போது இது வரும். பிளக் பிடுங்கிய நிலையிலேயே மோட்டாரைத் தண்ணீருக்குள் சாய்த்து ஆட்டினால் குமிழி விடும், எல்லாம் போனதும் நேராக வைத்துப் போட்டுப் பாருங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் முன் மூடியைத் திறந்து இம்பெல்லரை விரலால் சுற்றிப் பாருங்கள். காந்தத்தின் இழுப்பு தெரியும், அதாவது கொஞ்சம் சுற்றினால் தடுக்கி நிற்கும், மறுபடி போகும், அது இயல்பு. சுற்றவே மாட்டேன் என்றால் கல்லோ தலைமுடியோ நத்தையோ சிக்கியிருக்கும். தொளதொளவென்று ஆடினால் தண்டு உடைந்திருக்கும், சின்ன மோட்டார் என்றால் அதற்குத் தனியாகத் தண்டு தேடி அலைவதைவிடப் புதிது வாங்குவது நல்லது.

மூன்றாவது, வோல்டேஜ். ஆரணியில் பெரியப்பா வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் மோட்டார் நடுங்கும், ஓடாது. காலையில் போட்டால் ஒழுங்காக ஓடும். மீட்டர் வைத்துப் பார்த்தால் சாயங்காலம் 175 வோல்ட். இந்தச் சின்னக் காந்த மோட்டார்கள் கரண்டின் அலைவரிசையோடு ஒட்டிச் சுற்றுபவை, 50 ஹெர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று, ஓடினால் அந்த வேகம், முடியாவிட்டால் அதே இடத்தில் நடுக்கம், இடைப்பட்ட மெதுவான ஓட்டம் என்று ஒன்று அவற்றுக்குக் கிடையாது. அதனால் மின்விசிறி மாதிரி வேகம் குறைந்து எச்சரிக்காது. அப்படிப்பட்ட தெருவில் 12 வோல்ட் அடாப்டரோடு வரும் டிசி மோட்டார் போடுங்கள். நல்ல அடாப்டர் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை எதிலும் வேலை செய்யும், அதன் மேலேயே எழுதியிருக்கும். சின்னப் பிள்ளைகள் கை விடுகிற தொட்டிக்கும் அதுதான் பாதுகாப்பு. பெரியப்பா வீட்டில் அதைத்தான் மாட்டினோம், சாயங்காலமும் ஓடுகிறது.

கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது, அப்புறம் தானாக ஓடுகிறது

உள்ளே இருக்கும் வெப்பத் தடுப்பு நிறுத்துகிறது, ஆறியதும் விடுகிறது. இந்த மோட்டாருக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிர்ச்சி, தண்ணீர்தான் எண்ணெயும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை வெயிலில் கிடக்கும் சின்ன சிமென்ட் தொட்டியில் மத்தியானம் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், வெந்நீர் மாதிரி இருக்கும். அப்போது ஓட்டாதீர்கள். தண்ணீர் மட்டம் இறங்கி மோட்டார் பாதி வெளியே தெரிந்தாலும் இதே கதைதான், கூடவே கொர்ரென்று காற்று இழுக்கும் சத்தம் வரும். மோட்டாருக்கு மேல் அரை அடித் தண்ணீராவது எப்போதும் நிற்க வேண்டும். எல்லா மோட்டாரிலும் இந்தத் தடுப்பு இருக்காது, விலை குறைந்ததில் இருக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், அவை நின்றால் நின்றதுதான்.

தண்ணீர் மளமளவென்று குறைகிறது

பாலாறு மணலாகக் கிடக்கிற ஊரில் நீரூற்று வைக்கிறோம். அதனால் இதை நான் ரொம்பக் கவனமாகப் பார்ப்பேன், நீங்களும் பாருங்கள்.

மாலையில் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு முழு நாள் விடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அளவெடுங்கள். மே மாதத்தில் 8 மி.மீ., 1 செ.மீ. குறைந்தால் வெயில் குடித்தது. ஆறுக்கு நாலடித் தொட்டியில் அது இருபது லிட்டர் மாதிரி, குடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதைவிட நிறையக் குறைந்தால் தொட்டியில் விரிசல், கொத்தனாரைக் கூப்பிடுங்கள். நிறுத்தியபோது குறையவில்லை, ஓட்டினால் மட்டும் குறைகிறது என்றால் தண்ணீர் காற்றில் வெளியே போகிறது.

நீரூற்றின் உயரம், அது இருக்கும் இடத்திலிருந்து தொட்டி ஓரம் வரையுள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. எட்டடி அகலத் தொட்டியின் நடுவில் நாலடி எழும்பலாம். ஆறுக்கு நாலடித் தொட்டியில் இரண்டடிதான் சரியான உயரம், ஆடிக் காற்றில் அதுவும் அதிகம். ஏலகிரியில் புங்கனூர் ஏரி நடுவில் உயரமாக எழும்புவதைப் பார்த்துவிட்டு வந்து அதே மாதிரி வேண்டும் என்று கேட்கிறார்கள். அங்கே சாரல் எவ்வளவு தூரம் அடித்தாலும் ஏரியிலேயே விழுகிறது, நம் வீட்டில் பக்கத்து வீட்டுத் துணியில் விழும்.

மெல்லிய கம்பி மாதிரி தண்ணீரைக் காற்று சுலபமாகக் கலைக்கும், தடித்த தாரை நிற்கும். காற்றோட்டமான இடமாக இருந்தால் உயரத்தைக் குறைத்து ஓட்டையைப் பெரிதாக்குங்கள். மோட்டாருக்கு மேலே, தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் ஒரு வால்வு வைத்து உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், தவறில்லை. உறிஞ்சும் பக்கத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) விழுகிறது, அல்லது தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

சுர்ரென்றால் மெயினை அணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. எவ்வளவு லேசாக இருந்தாலும் சரி. "சும்மா கொஞ்சம்தான் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டு அதே தொட்டியில் கை விட்டு இலை பொறுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஈர உடம்பில் கரண்ட் சுலபமாகப் பாயும்.

மோட்டார் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு ஈ.எல்.சி.பி.யைத் தூக்குங்கள். விழாமல் நின்றால் குறை மோட்டாரிலோ அதன் ஒயரிலோ. அணில் கடித்த ஒயர், தண்ணீருக்குள் டேப் சுற்றி ஒட்டுப்போட்ட ஒயர், இந்த இரண்டும்தான் நான் பார்த்தவை. தண்ணீருக்குள் ஒட்டு என்பதே இருக்கக் கூடாது. வாங்கும்போதே ஒயர் தொட்டிக்கு வெளியே பிளக் வரைக்கும் ஒரே நீளமாக எட்டுகிறதா என்று அளந்து வாங்குங்கள், பல மோட்டார்களில் ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். ஒயர் பிளக்குக்குள் ஏறும் முன்னால் ஒரு தொங்கல் விடுங்கள், வழியும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மோட்டாரில் ஐ.பி.68 என்று, அதாவது தண்ணீருக்குள் மூழ்கியே கிடக்கலாம் என்கிற குறி, போட்டிருக்க வேண்டும். எர்த் கம்பி உள்ள மூன்று பின் பிளக் போகிற சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் இருக்காது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. இல்லையென்றால் நீரூற்றுக்கு முன்னால் அதை வாங்குங்கள். இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

அருவி மாதிரி விழ வேண்டும், ஆனால் கல்லில் ஒட்டி வழிகிறது

அருவிக்குக் கணக்கு வேறு. தண்ணீர் தகடு மாதிரி விழ, வழியும் விளிம்பின் ஒவ்வோர் அங்குல அகலத்துக்கும் மணிக்கு 380 லிட்டர் வேண்டும். ஓரடி அகலம் என்றால் 4500 லிட்டர், அதுவும் அந்த உயரத்தில் வந்து சேர வேண்டிய அளவு. அதற்கு அரை அங்குல ட்யூப் எல்லாம் பேச்சே இல்லை, ஒன்றரை அங்குல பைப் போட வேண்டும். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் விளிம்பை நாலு அங்குலமாகக் குறுக்கிவிடுங்கள், 1500 லிட்டரில் அழகாக விழும். விளிம்பில் கடப்பா கல் துண்டு ஒன்றை இரண்டு அங்குலம் வெளியே நீட்டிப் பதித்து, அடியில் முனைக்குப் பக்கத்தில் ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள். சன்ஷேடில் மழைத் தண்ணீர் சுவருக்கு ஓடாமல் இருக்கக் கொத்தனார் போடுவாரே, அதே வேலைதான். தண்ணீர் அந்த இடத்தில் கல்லை விட்டுவிடும்.

தண்ணீர் பச்சையாகிறது, மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது

பச்சைக்குக் காரணம் வெயிலும் மீன் கழிவும், மோட்டாரைப் பெரிதாக்கினால் போகாது. மேற்பரப்பில் பாதியாவது இலையால் மூடட்டும். அல்லி, தாமரை வைத்தால் சாரல் விழாத மூலையில் வையுங்கள், இலை மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் அவை தேறாது. மோட்டார் செய்ய வேண்டியது தொட்டித் தண்ணீர் முழுவதையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஸ்பாஞ்ச் வழியாகச் சுற்றுவது. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28 ஆல் பெருக்கினால் லிட்டர். ஆறுக்கு நாலடி, ஒன்றரை அடி ஆழம் என்றால் ஆயிரம் லிட்டர், ஆகவே வாளிக் கணக்கில் 500 வந்தால் போதும்.

மீன் வாயைப் பிளப்பது விடியற்காலையில் என்றால் தண்ணீரில் காற்று போதவில்லை. இரவெல்லாம் பாசியும் செடியும்கூடச் சேர்ந்து மூச்சு விடும், விடியலுக்கு முன்புதான் மிகக் குறைவாக இருக்கும். சாயங்காலம் விருந்தாளி வரும்போது மட்டும் போடுகிற வழக்கம் இருந்தால், டைமர் வைத்து அதிகாலை மூன்றிலிருந்து ஆறு வரைக்கும் ஓடவிடுங்கள். குட்டி மீன் உள்ளே இழுபடாமல் இருக்க மோட்டாரைச் சுற்றி நைலான் கொசு வலை கட்டிவிடலாம். நாலு கப்பி மீன் இருந்தால் கொசுப் புழுவையும் தின்றுவிடும், டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

தண்ணீர் மேல் வானவில் மாதிரி பளபளப்பு தெரிந்தால் அது எண்ணெய் நிரப்பிய மோட்டாரின் கசிவு. உடனே எடுத்துவிடுங்கள், மீன் தொட்டியில் திரும்ப அந்த வகையைப் போடவே வேண்டாம்.

கரண்ட் பில் ஏறிவிட்டது

18 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 26 யூனிட்தான். பில் ஏறினது என்றால், வீட்டில் சும்மா கிடந்த அரை எச்.பி. மோனோபிளாக்கை, அதாவது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைத் தொட்டியோரம் வைத்து மாட்டியிருப்பார்கள். அது 550 வாட் மாதிரி இழுக்கும், தினமும் ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். நீரூற்றுக்கு அது வேண்டவே வேண்டாம். சோலார் மிதவை நீரூற்று பற்றியும் கேட்கிறார்கள், மேகம் மூடினால் நின்றுவிடும், விடியற்காலை மீனுக்கு உதவாது, ஒரு கல் தொட்டியில் பறவை குடிக்க வைப்பதற்கு நன்றாக இருக்கும்.

கடைக்குப் போகும்போது மூன்று எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: தண்ணீர் மட்டத்திலிருந்து எத்தனை அடி, நாசில் ஓட்டை எத்தனை மி.மீ. எத்தனை, பழைய மோட்டாரின் வாளிக் கணக்கு. "ஃபவுண்டனுக்கு ஒரு மோட்டார் குடுங்க" என்று மட்டும் கேட்டால் எது அதிகம் விற்கிறதோ அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பில் போடும் முன்னால் கடையிலேயே ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கூலர் சீசனில் எல்லாக் கடையிலும் அந்த வாளி தயாராகவே இருக்கும். சத்தமில்லாமல் ஓடுகிறதா, உடனே தண்ணீர் தள்ளுகிறதா என்று பாருங்கள். அணைத்து அணைத்து ஐந்து முறை போடச் சொல்லுங்கள், ஒரு முறை தடுமாறினாலும் வேறொன்றை எடுக்கச் சொல்லிவிடுங்கள்.